மினி கிராண்ட்னா மானியமா, நல்கையா?

காரைக்குடி பக்கம் குடும்பங்களுக்காக வேலை செய்ற என்ஜிஓகாரங்க வாயில அடிபடுற வார்த்தை மினி கிராண்ட். சின்னத் தொகை, திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனா எதுக்குன்னு வாங்குனோமோ அதுக்குத்தான் செலவு பண்ணணும், முடிவுல பில்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் குடுக்கணும். இதைத் தமிழ்ல மானியம்னு எழுதிடறாங்க, அங்கதான் சிக்கல். மானியம்னா நம்ம ஆளுங்க காதுல கேஸ் மானியம், உர மானியம்னுதான் விழும். கோட்டையூர்ல ஒரு மகளிர் குழுகிட்ட சொல்லிப் பாருங்க, "அப்ப மீதிய நாங்க போடணுமாண்ணே, எத்தனை மாசத்துல கட்டணும்?"னு கேப்பாங்க, அவங்க பாத்தது குழுக் கடனும் சுழல்நிதியும்தானே.

மான்யங்கிற வடசொல்லுக்கு மதிக்கத்தக்கன்னு அர்த்தம், அதுலேர்ந்து கோயிலுக்கும் ஊர் ஊழியம் பாத்தவங்களுக்கும் வரி இல்லாம விட்ட நிலம் மானியம் ஆச்சு, கல்வெட்டுல இறையிலின்னு வர்ற மாதிரி. அப்புறம் யுஜிசிய பல்கலைக்கழக மானியக் குழுன்னு சொல்லிச் சொல்லி கிராண்டும் சப்சிடியும் ஒரே வார்த்தைக்குள்ள போய் உக்காந்துக்குச்சு.

கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியா வந்தது, வேர் லத்தீன்ல கிரெடெரே, அதாவது நம்புறது. கிரெடிட்டுக்கும் அதே வேர்தான். திருப்பிக் கேக்காத காசும் திருப்பிக் கேக்குற காசும் பங்காளிங்க!

நல்ல தமிழ்ச் சொல் நல்கை. நல்குறதுன்னா குடுக்கிறது, சங்கப் பாட்டுலயே புரவலன் பாணனுக்கு நல்குவான். ஆராய்ச்சிப் பக்கம் நிதிநல்கைன்னு ஏற்கெனவே புழங்குது, அதனால மினி கிராண்ட்டுக்கு சிறுநல்கைன்னு வச்சுக்கலாம், கடன்னு யாரும் பயப்பட மாட்டாங்க.

செட்டிநாட்டுல மகமைன்னே சொல்லிடலாமேன்னு தோணும். ஆனா மகமைங்கிறது வியாபாரத்துல வர்றதுல ஒரு பங்கை கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைக்கிறது, நம்ம கையிலேர்ந்தே போற காசு. கிராண்ட் வெளிய இருந்து வருது. (கணக்கு ரெண்டுக்கும் கேப்பாங்க, அதுல நகரத்தாருக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம்.) நகரத்தார்ல கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, கோயிலுக்குப் புள்ளி வரி போடுறதும் அந்தக் கணக்குலதான், அதனால குடும்பத்தை அலகா வச்சு ஊர்ப் பொறுப்பைப் பிரிக்கிறது இங்க புது யோசனை கிடையாது.

இன்னொரு தொல்லை ஃபேமிலி சர்வீஸ், அதாவது குடும்பங்களுக்கு உதவுற இந்த அமைப்புங்களோட வேலை. இதைக் குடும்ப நல அமைப்புன்னு போர்டு வச்சா ஒருத்தர் கருத்தடை ஆபரேஷனான்னு கேப்பாரு, இன்னொருத்தர் டைவர்ஸ் கோர்ட்டான்னு கேப்பாரு. குடும்ப ஆதரவு அமைப்புன்னு போடுங்க. அமெரிக்காவுல இந்த மாதிரி அமைப்புங்களோட மூத்த தலைமுறை 1877ல பஃபலோ நகரத்துல ஆரம்பிச்ச தர்மச் சங்கம், ஏழைங்க வீட்டுக்கு வீடு போய் விசாரிச்சு உதவி பண்ணுனாங்க. பிற்காலத்துல, உதவி வாங்க வர்றவங்களே ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசணும்ங்கிற நினைப்பு வந்துச்சு, அதைத்தான் சிவிக் எங்கேஜ்மென்ட்ங்கிறாங்க, தமிழ்ல குடிமைப் பங்கேற்பு.

நமக்கு அதுக்கு இடம் கிராம சபை. அது கூடுற நாளுங்க ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது போக மார்ச் 22, நவம்பர் 1. வர முடியாத அக்காவுக்கு என்ன தடைன்னு கேட்டா கூலி போயிடும்பாங்க, பிள்ளைய யாரு பாக்குறதும்பாங்க. சிறுநல்கை உதவுற இடம் அதுதான்: ஷேர் ஆட்டோ வாடகை, பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆளு, மனு ஜெராக்ஸ், முந்தின நாள் எல்லாரையும் உக்கார வச்சு என்ன கேக்கணும்னு பேச டீயும் பணியாரமும். பெரிய ப்ராஜெக்ட் பட்ஜெட்ல இதுக்கெல்லாம் தலைப்பே இருக்காது.

வெளிநாட்டுக் காசா இருந்தா மட்டும் உஷார். வெளிநாட்டு நன்கொடைய ஒழுங்குபடுத்துற எஃப்சிஆர்ஏ சட்டத்துல 2020ல வந்த திருத்தப்படி ஒரு அமைப்பு வாங்குன வெளிநாட்டு நிதிய இன்னொரு அமைப்புக்கு மாத்திவிட முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால பெரிய என்ஜிஓ வாங்கி தேவகோட்டை, பள்ளத்தூர்னு சின்ன அமைப்புங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற சிறுநல்கைன்னா அது உள்நாட்டு நிதியாத்தான் இருக்கணும்.