கல்லின் குருதி: ‘பெட்ரிகோர்’ என்னும் சொல்லும் மழை மணமும்

“மண்வாசனையை ஆங்கிலத்தில் ‘பெட்ரிகோர்’ என்று எழுதலாமா? அது அறிவியலார் வைத்த பெயரா, கவிஞர்கள் புனைந்த சொல்லா?” என்று கோடை மழை பெய்த மறுநாள் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாம் கேள்விக்கு விடை எளிது: அறிவியலார் வைத்த பெயர்தான். முதல் கேள்விக்கு அவ்வளவு விரைவாகத் தலையாட்ட முடியாது. பிறந்தபோது அந்தச் சொல் எந்த வாசனைக்கும் பெயராக இருக்கவில்லை. ஓர் எண்ணெய்க்குப் பெயராக இருந்தது.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் 1964 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் இச்சொல் முதன்முதலாக அச்சேறியது. உலர்ந்த கனிமங்களை ஈரப்படுத்தினால் எழும் மணத்தைக் கனிமவியலார் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள். அதைக் ‘களிமண் மணம்’ என்ற பொருள்படும் பெயரால் குறித்தும் வந்தார்கள். களிமண் கலவாத பாறைகளும் அதே மணத்தைத் தருவதைக் கண்ட இவ்விருவரும், அந்தப் பெயர் பொருந்தாது என்று வாதிட்டனர். வெயிலில் காய்ந்து கிடந்த பாறைகளின் வழியே நீராவியைச் செலுத்தி வடித்தபோது மஞ்சள் நிற எண்ணெய் ஒன்று சிறிதளவு கிடைத்தது. மணம் அதிலேயே குடியிருந்தது. பாறையைக் குறிக்கும் ‘பெட்ரா’, தெய்வங்களின் உடலில் ஓடும் நீர்மத்தைக் குறிக்கும் ‘ஐகோர்’ என்ற இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்த எண்ணெய்க்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டனர்.

இரண்டாம் பாதியான ஐகோருக்குத் தனிக் கதை உண்டு. ஹோமரின் இலியட் காவியத்தில், ஐந்தாம் பகுதியில், டயோமிடிஸ் என்ற வீரன் அஃப்ரோடைட்டி தேவியின் கையில் ஈட்டியால் குத்துகிறான். காயத்திலிருந்து வழிவது குருதியன்று, ஐகோர். தேவர்கள் அப்பம் உண்பதில்லை, மது அருந்துவதில்லை, ஆகவே அவர்கள் உடலில் குருதி இல்லை என்று கவிஞர் காரணமும் சொல்கிறார். பின்வந்த கிரேக்க மருத்துவ நூல்களில் அதே சொல் குருதியின் நீர்த்த பகுதியையும், உடலில் கசியும் பிற நீர்மங்களையும் குறித்தது. ஆங்கில மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆறாத புண்ணிலிருந்து வடியும் கெட்ட நீருக்கே அது பெயராகிவிட்டது. பழைய இலக்கியத்தில் பூவின் நறுமணத்துக்கு வழங்கிய ‘நாற்றம்’ இன்று நம் வாயில் அடைந்திருக்கும் நிலையை எண்ணிப் பார்த்தால், இந்தச் சரிவு நமக்கு விளங்கும். புண்ணுக்கு இறங்கிவிட்ட சொல்லை அதன் காவியப் பொருளோடு மீட்டு வந்து கல்லுக்குக் கொடுத்தார்கள் அந்த வேதியியலாளர்கள். பெயரிடும் கலையில் இதைவிட அழகான செயலை நான் அதிகம் கண்டதில்லை.

எண்ணெய் கல்லுக்குள் எப்படி வந்தது? செடிகொடிகள் ஓயாமல் காற்றில் விடும் கரிமச் சேர்மங்களை, நுண்துளை நிறைந்த பாறையும் மண்ணும் வறண்ட நாட்களில் தம்மீது ஈர்த்துச் சேர்த்து வைக்கின்றன. வறட்சி நீளும் அளவுக்குச் சேமிப்பும் கூடுகிறது. முதல் மழையின் மணம் மூன்றாம் மழையில் இல்லாததற்குக் காரணம் இதுவே. இந்த எண்ணெய் விதை முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது என்று 1965இல் அதே இருவர் இன்னொரு கட்டுரையில் காட்டினார்கள்.

கல்லுக்குள் கிடக்கும் எண்ணெய் நம் மூக்கை எட்டும் வழியில்தான் என் மனம் மிகவும் தோய்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது நுண்துளைகளில் நீர் படிந்து எண்ணெயை வெளியே தள்ளும் என்பது பழைய விளக்கம். அது உண்மையே, ஆனால் அது முழுமையன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் யங்சூ ஜோங், கல்லன் பூயி ஆகிய இருவர் 28 வகைப் பரப்புகளின் மீது நீர்த்துளிகளை விழச் செய்து, அதிவேக ஒளிப்படக் கருவியால் ஏறத்தாழ 600 சோதனைகளைப் பதிவு செய்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். துளி தரையைத் தொட்டுத் தட்டையாகும்போது, துளைகளில் இருந்த காற்று அதன் அடியில் சிக்கிக்கொள்கிறது. நீர் துளைக்குள் இறங்க இறங்க, இடம் இழந்த காற்று சின்னஞ்சிறு குமிழிகளாகத் துளிக்குள் நுழைந்து மேலேறுகிறது. துளியின் மேற்பரப்பை எட்டியதும் குமிழி உடைகிறது. உடையும் வேகத்தில் மிக நுண்ணிய திவலைகள் மேல்நோக்கிச் சிதறுகின்றன. கோலி சோடாவைத் திறந்தவுடன் குப்பியின் வாயருகே முகத்தை வைத்தவர்களுக்கு அந்தச் சாரலின் குளுமை நினைவிருக்கும். ஒவ்வொரு மழைத்துளியும் தரையில் அப்படி ஒரு சோடாக் குப்பியாகிறது. மண்ணில் சேர்ந்திருந்த மணப்பொருள்களைத் திவலைகள் ஏந்திக்கொள்ள, அவற்றைக் காற்று ஏந்திக்கொள்கிறது.

துளி மிக வேகமாக விழுந்தால் குமிழி உருவாகுமுன் சிதறிவிடும். ஆகவே திவலைகளை மிகுதியாக எழுப்புவது தூறலும் மிதமான மழையுமே, அடைமழை அன்று. இதைப் படித்த அன்று, பல நாட்கள் மொட்டை மாடி வெயிலில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து, சொட்டுமருந்துக் குப்பியால் ஒரு துளி நீர் விட்டுக் காதருகே வைத்துப் பார்த்தேன். ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்டது. துளியின் விளிம்பில் கடுகை விடச் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைந்தன. அவற்றோடு மணமும் வந்தது. அதுவரை நூறு முறை முகர்ந்த மணத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த மணத்தில் இன்னொரு பங்காளியும் உண்டு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற சேர்மத்தை 1965இல் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷவாலியே ஆகியோர் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். ‘மண்ணின் மணம்’ என்பதே அப்பெயரின் கிரேக்கப் பொருள். ஒரு லிட்டர் நீரில் 10 நானோகிராம் அளவு கலந்திருந்தாலே பலரது மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பீட்ரூட்டின் மண் வாடையும் குளத்து மீனின் சேற்று வாடையும் இதனால் வருபவையே. அமிலம் பட்டால் இந்தச் சேர்மம் சிதைந்துவிடும். கெண்டை மீனுக்குப் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றும் கைகள் வேதியியல் படிக்காமலே இந்தப் பயனை அடைந்து வருகின்றன.

எண்ணெய், ஜியோஸ்மின், மின்னலால் உண்டாகும் ஓசோன் என எல்லாம் கலந்த மணத்தைப் பேச்சு வழக்கில் பிரித்துக் காட்டுவார் இல்லை. ஆகவே ‘பெட்ரிகோர்’ சிறிது சிறிதாக எண்ணெயை விட்டு நழுவி, மழையோடு எழும் மணம் முழுவதற்கும் பெயராயிற்று. இன்றைய ஆங்கில அகராதிகள் மணத்தையே முதற்பொருளாகத் தருகின்றன. ஐகோருக்கு நேர்ந்தது சரிவு. இதை நான் விரிவு என்றே கொள்கிறேன், ஏனெனில் கல்லில் உள்ள எண்ணெயைக் குமிழி தூக்கிச் செல்லும்போதுதான் அது நம் அனுபவமாகிறது.

மழை ஏன் மணக்கிறது என்ற கேள்விக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதே எம்.ஐ.டி. குழு 2017இல், அந்தத் திவலைகள் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களையும் உயிரோடு காற்றில் ஏற்றுகின்றன என்று காட்டியது. பயிர்நோயும் மனித நோயும் பரவும் வழிகளுள் ஒன்றை அறிவதற்கு, பயனற்றதாகத் தோன்றிய கேள்வியே வாயிலாக இருந்தது. பயன் என்ன என்று முதல் நாளே கணக்குக் கேட்டிருந்தால் அந்த வாயில் திறந்திருக்காது.

இசபெல் பேரும் ரிச்சர்ட் தாமசும் தங்கள் 1964 கட்டுரையிலேயே, உத்தரப் பிரதேசத்தில் அத்தர் வடிப்போர் இந்த மணத்தை முன்பே பிடித்து வைத்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கன்னோஜ் நகரில் காய்ந்த மண் வில்லைகளைச் செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் உள்ள கலத்துக்குள் இறக்குவார்கள். அது ‘மிட்டி அத்தர்’ என்ற பெயரில் இன்றும் விற்பனைக்கு வருகிறது. மாணவிக்கு என் விடை இது: ஜன்னல் வழியே வரும் மணத்தைப் ‘பெட்ரிகோர்’ என்று தாராளமாக எழுதுங்கள், ஒரு வட்டாரத்தின் இயல்பைச் சொல்லும் ‘மண்வாசனை’க்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம், 1964ஆம் ஆண்டுப் பொருளில் எழுத விரும்பினால், கன்னோஜின் அந்தச் சிறு குப்பிக்குள் சந்தன எண்ணெயோடு கலந்திருப்பதே அச்சொல்லுக்கு மிக அருகில் இருப்பது.