ரியாலோ: சொல்லும் பொருளும்

ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்குள், ‘ஆட்சியில் பங்கேற்று முடிந்ததைச் சாதிப்போம்’ என்று நின்றவர்களுக்கு ரியாலோ என்று பெயர். ‘கொள்கையில் இம்மியும் விட்டுத்தர மாட்டோம்’ என்றவர்கள் ஃபுண்டி. 1980களில் இரு தரப்பும் மாறி மாறிச் சீண்டிக்கொண்ட பட்டப்பெயர்கள் இவை.

ஃபுண்டி என்பது ஃபுண்டமென்டலிஸ்ட் என்பதன் குறுக்கம். ரியாலோவுக்கு மூலம் ரியால்பொலிட்டிக், அதாவது நடைமுறை அரசியல். 1853இல் ஜெர்மன் எழுத்தாளர் லுட்விக் ஃபோன் ரோகாவ் தன் நூலின் தலைப்பில் வைத்த சொல் அது. ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்ற பிறகு, இலட்சியம் மட்டும் போதாது, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார் அவர். பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டதில் சொல்லுக்கு ஒரு கறார் வாடை ஏறிவிட்டது. பசுமைக் கட்சிக்காரரை அப்படி அழைப்பது பாராட்டாகவா இருந்திருக்கும்?

ரியாலோ என்றதும் நினைவுக்கு வருபவர் யோஷ்கா ஃபிஷர். பிராங்க்பர்ட்டின் தீவிர இடதுசாரிக் குழுக்களில் இருந்தவர், டாக்சி ஓட்டியவர். 1983இல் நாடாளுமன்றம் போனார். 1985 டிசம்பரில் ஹெஸ்ஸே மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சராக, வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வந்து பதவியேற்றார். நாட்டின் முதல் பசுமைக் கட்சி அமைச்சர். ஹானாவ் புளூட்டோனியத் தொழிற்சாலை விவகாரத்தில் கூட்டணி உடைந்து, 14 மாதங்களில் பதவி போனது. அந்த ஷூ இப்போது ஆஃபன்பாக் தோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

1998இல் வெளியுறவு அமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டே கொசோவோ போர். அமைதி இயக்கத்தில் வேர்விட்ட கட்சியிடம் நேட்டோ குண்டுவீச்சுக்கு ஆதரவு கேட்க வேண்டிய நிலை. பீலஃபெல்ட் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் சிவப்புச் சாயப் பை ஒன்று காதில் வந்து விழ, செவிப்பறை கிழிந்தது. அப்படியும் பேசினார், தீர்மானத்தில் வென்றார். இத்தனைக்கும் அவர் கட்சித் தலைவர் பதவியை ஒருபோதும் வகித்ததில்லை. ஆனால் கட்சி யார் பேச்சைக் கேட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சந்தர்ப்பவாதி’ என்றால் ஃபுண்டிகளின் தீர்ப்பையே பொருளாக எழுதியதாகிவிடும். ‘பிழைக்கத் தெரிந்தவர்’ என்பதும் அதே கதைதான். ‘யதார்த்தவாதி’யைக் கேட்டால் நமக்கு இலக்கியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘நடைமுறைவாதி’ பொருந்துகிறது, பட்டப்பெயரின் குறும்பு மட்டும் போய்விடும். ஃபுண்டியை ‘அடிப்படைவாதி’ ஆக்கினால் வாசகர் மதத்தைத்தான் நினைப்பார். ‘கொள்கைப் பிடிவாதி’ என்பதே என் தேர்வு. அதில் கொஞ்சம் சீண்டலும் மிஞ்சுகிறது.

ஃபுண்டிகளின் முகமாக இருந்த யுட்டா டிட்ஃபுர்ட் 1991இல் கட்சியை விட்டு வெளியேறினார். அப்புறம் அந்தப் பெயர் மெல்ல வழக்கொழிந்தது. இன்று ரியாலோவுக்கு எதிரணியை வெறுமனே ‘இடதுசாரிப் பிரிவு’ என்கிறார்கள். ரியாலோ மட்டும் இன்னும் புழங்குகிறது: 2011இல் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநில முதல்வரான வின்ஃப்ரீட் கிரெட்ச்மனையும் அப்படித்தான் அழைத்தார்கள்.