ஓட்டிசம் உள்ளவரின் வேலை உரிமை: 3 சதவீதமும் இரண்டு கடிதங்களும்

ஓட்டிசம் உள்ள ஒருவர் வேலை தேடும் வயதுக்கு வரும்போது, பெரும்பாலான வீடுகளில் கையில் இருப்பது ஒரே ஒரு வைத்தியக் கடிதம்தான். அரசு தரும் மாதாந்த அங்கவீனக் கொடுப்பனவுக்காக வாங்கியது. “தன் தேவைகளைத் தானே கவனிக்க முடியாதவர், பிறரில் தங்கியிருப்பவர்” என்ற போக்கில் அது எழுதப்பட்டிருக்கும். கொடுப்பனவுக்கு அது பொருத்தமான கடிதம். அதையே பிரதி எடுத்து வேலை விண்ணப்பத்தோடு இணைத்தால் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும். “உங்கள் வைத்தியரே முடியாது என்று எழுதியிருக்கிறாரே” என்று உத்தியோகத்தர் கேட்டால், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் சிக்கலின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே அங்கவீனமுற்றவர் என்கிறது. அரச வேலையில் 3 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 27/88 வேறொன்றைக் கேட்கிறது: பதவிக்குரிய தகைமை இருக்க வேண்டும், அங்கவீனம் அந்தக் கடமையைச் செய்யத் தடையாக இருக்கக் கூடாது. ஒன்று இயலாமையைக் காட்டச் சொல்கிறது, மற்றது இயலும் என்று காட்டச் சொல்கிறது. சட்டத்தில் உள்ள “ஓரளவுக்கோ” என்ற சொல்தான் இரண்டுக்கும் நடுவில் ஓட்டிசம் உள்ளவர் நிற்கும் இடம். நன்றாகப் பேசுபவர், கணக்கில் கெட்டிக்காரர், ஆனால் தனியே பஸ் மாறிப் போகத் தெரியாது என்றால் அவரும் இந்த வரைவிலக்கணத்துக்குள் வருவார் என்று வாதாட அந்தச் சொல் இடம் தருகிறது.

ஆகவே இரண்டு கடிதங்கள் வேண்டும். ஒன்று கொடுப்பனவுக் கோப்புக்கு, மற்றது வேலைக்கு. இரண்டையும் ஒரே உறையில் போட வேண்டாம்.

வேலைக்கான கடிதத்தை உளமருத்துவ நிபுணரிடம் வாங்குவதே நல்லது. திருகோணமலை பொது வைத்தியசாலையின் உளநல கிளினிக்குக்குப் போகும்போது சிறுவயதுக் கிளினிக் கொப்பி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகள், அவர் எப்போது பேசத் தொடங்கினார், எப்படி விளையாடினார் என்று சொல்லக்கூடிய ஒருவர் ஆகிய மூன்றும் கூட இருக்கட்டும். ஓட்டிசம் சிறுவயதிலேயே வெளிப்படும் நிலை என்பதால், வளர்ந்தவரைப் பார்க்கும் வைத்தியரும் பழைய கதையைத்தான் முதலில் கேட்பார். கொப்பி தொலைந்திருந்தால் பாலர் பாடசாலை ஆசிரியரின் கடிதமும் உதவும்.

கூடவே விளம்பரத்தில் உள்ள கடமைப் பட்டியலின் பிரதியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அது கையில் இல்லாவிட்டால் “ஓட்டிசம் உள்ளவர்” என்று ஒரு வரியோடு கடிதம் முடிந்துவிடும். அந்த ஒரு வரியால் பயனில்லை. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

“இவருக்கு ஓட்டிசம் உண்டு. ஒழுங்குமுறையான வேலையைக் கவனம் சிதறாமல் செய்வார். வாய்மொழியாக ஒரே தடவையில் பல அறிவுறுத்தல்கள் கொடுத்தால் குழம்புவார். எழுதிக் கொடுத்தால் அதன்படி செய்வார். இரைச்சல் கூடிய இடத்தில் காதடைப்பான் அணிய அனுமதி தேவை. இணைக்கப்பட்ட களஞ்சிய உதவியாளர் கடமைப் பட்டியலில் உள்ள வேலைகளைச் செய்ய இவருடைய நிலை தடையல்ல.”

கடைசி வாக்கியம் சுற்றறிக்கையின் நிபந்தனைக்கு நேரான பதில். அது இல்லாத கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

வர்த்தமானி விளம்பரங்களில் “இலங்கையின் எப்பகுதியிலும் சேவையாற்றப் போதிய உடல், உள ஆரோக்கியம்” என்றொரு வரி வழக்கமாக வரும். இதைப் பார்த்ததும் பல பெற்றோர் விண்ணப்பப் படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஓட்டிசம் ஒரு நோயல்ல, ஆரோக்கியக் குறைவும் அல்ல. அந்த வரிக்கும் மேலே சொன்ன கடிதமே பதில். விண்ணப்பத்தின் முகப்பிலேயே “அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 27/88 இன்கீழ்” என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்ததும் இன்னொரு சிறு கடிதம் போக வேண்டும்: கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கவும், பதிலுக்கு நேரம் தரவும், கண்ணைப் பார்த்துப் பேசாததை மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. கடிதம் தமிழிலேயே இருக்கலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.

3 சதவீதம் என்ற கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். 100 வெற்றிடத்தில் 3 பேர். திணைக்களம் ஒன்று 20 பேரை எடுத்தால் 0.6 ஆள். 34 வெற்றிடம் வந்தால்தான் முழுசாக ஓர் ஆள் கணக்கில் வருவார். 1988 ஓகஸ்டில் வந்த சுற்றறிக்கை இத்தனை ஆண்டு கடந்தும் பலருக்கு எட்டாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதனால் சிறு அலுவலகங்களின் ஒற்றை வெற்றிடங்களை விட, நாடு முழுவதற்கும் ஒரே அறிவித்தலில் வரும் பெரிய ஆட்சேர்ப்புகளைக் குறிவையுங்கள்.

ஒதுக்கீடு நிரப்பப்பட்டதா என்று அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016 இன் 12 ஆம் இலக்கம்) இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: கடந்த 5 ஆண்டில் எத்தனை வெற்றிடம் நிரப்பப்பட்டது, அதில் 27/88 இன்கீழ் எத்தனை பேர்? காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். “பூச்சியம்” என்று எழுத்தில் வரும் பதில், பிறகு முறைப்பாடு செய்யும்போது நல்ல ஆவணம்.

தகைமைதான் அடுத்த தடை. சாதாரண தரத்தில் தடுக்கி நின்றவர்களுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ.) நல்ல வழி. பாடநெறிக்குப் போகாமலே, ஏற்கனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டி அதைப் பெறும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். மாமாவின் பேக்கரியில் நாலு வருடம் மாப்பிசைந்தவர், வேலை செய்யும் படங்களையும் வேலை கொடுத்தவரின் கடிதத்தையும் சேர்த்து, தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் வந்து வேலையைப் பார்ப்பார், வாய்மொழியாகவும் கேட்பார். சறுக்குவது பெரும்பாலும் அந்த வாய்மொழியில்தான். “ஏன் இப்படிச் செய்கிறீர்?” என்ற கேள்விக்கு மௌனமாக நிற்பவர், “இதைப் பிழையாகச் செய்தால் என்ன ஆகும், காட்டுங்கள்” என்றால் காட்டிவிடுவார். மதிப்பீட்டாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் நடத்தும் பயிற்சி நிலையங்களும் உண்டு. ஊரை விட்டுப் போய்ப் படிக்க வேண்டும் என்பதால், எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், அறையில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.

தனியார் துறைக்கு 3 சதவீதம் பொருந்தாது. ஆனால் 1996 சட்டத்தின் 23 ஆம் பிரிவு, எந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யக் கூடாது என்கிறது. கவனியுங்கள், அது பேசுவது ஆள் எடுப்பதைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த பின் கேடயம் சாதாரணத் தொழிற்சட்டங்களே. வேலையிடத்தில் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடுகளைப் பற்றி இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த, அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் பேசுகிறது, உள்ளூர்ச் சட்டத்தில் அது இல்லை. எனவே அந்த ஏற்பாடுகளை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குவது புத்தி.

நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் சலவை அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தெளிவானது: பிரி, எடு, மடி, அடுக்கு. குழப்பம் வருவது மே முதல் செப்டெம்பர் வரை, சீசனில், நாளைய வேலைநேரம் இன்றிரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் மாறும்போது. மறுநாள் வேலைக்கு வராமல் போனால் அதைச் சோம்பல் என்பார்கள். “வாராந்த நேர அட்டவணை முந்திய வெள்ளிக்குள் எழுத்தில் தரப்படும், மாற்றத்தை ஒரே ஒரு மேற்பார்வையாளர் மட்டும் சொல்வார்” என்று இரண்டு வரி போதும். முதலாளிக்குச் சல்லிக்காசு செலவில்லை.

சம்பளத்தில்தான் கூடுதலாக ஏமாற்றப்படுகிறார்கள். “பயிற்சி”, “பிள்ளைக்குப் பொழுதுபோகட்டும்” என்ற பெயரில் கைச்செலவுக் காசோடு வருடக்கணக்கில் வேலை வாங்குவது நடக்கிறது. ஓட்டிசம் உள்ளவருக்குக் குறைந்த சம்பளம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200. அந்த 30,000 இல் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,400 கழியும். முதலாளி 12 சதவீதமாக 3,600 உம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமாக 900 உம் தன் கையிலிருந்து போட வேண்டும். பயிலுனர், தற்காலிகம் என்றாலும் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உண்டு. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

அங்கவீனக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபா. அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது என்பதால் வேலைச் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும். வேலை கிடைத்ததும் உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதி வையுங்கள்.

மறுக்கப்பட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். அரச நிறுவனம் என்றால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் பார்த்திருக்கிறது. ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் கோப்பில் போடுங்கள். 1996 சட்டத்தின் 23 ஆம் பிரிவை மீறியதற்கு மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தனியார் நிறுவனத்துக்கும் வழி அதுவே. வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதீர்கள். கடிதத்தில் போட்ட திகதியும் கையில் கிடைத்த திகதியும் இரண்டு வாரம் வேறுபடலாம், அதைக் காட்ட அந்த உறையின் தபால் முத்திரைதான் இருக்கும்.