ஜெல்லில் ஒரே பட்டை தெரிந்தால் போதுமா?

"எங்கள் புரதம் மேக்ரோஃபேஜை (நோய் எதிர்ப்புச் செல்லை) தூண்டுகிறது" என்று இன்னொரு வரைபடம் வந்திருக்கிறது. வழக்கமான கதைதான்: ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, நிக்கல் நிரப்பிய சுத்திகரிப்புக் குழாயில் (column) பிடித்து, இமிடசோல் என்ற வேதிப்பொருளால் இறக்கிய புரதம். செல்கள் டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டுகின்றன. செல்களைத் தானே தூண்டிவிடும் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் அதில் கலந்திருக்கிறதா பார்த்தீர்களா என்று கேட்டால், "அதான் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டை இருக்கிறதே!" என்கிறார்கள்.

அந்த ஜெல்லுக்குச் சாயமேற்றியது கூமாசி. அது புரதத்தைத்தான் காட்டும். எண்டோடாக்சின் என்பது ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எல்.பி.எஸ்; கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள், புரதமே இல்லை. எவ்வளவு இருந்தாலும் அந்த ஜெல்லில் தெரியாது. புரதத்தை அளக்கும் 280 நானோமீட்டர் ஒளியில் அளந்தாலும் சிக்காது. "95 சதவீதத் தூய்மை" என்று நாம் எழுதுவது மற்ற புரதங்களை வைத்துப் போட்ட கணக்கு, எல்.பி.எஸ் அதில் வருவதே இல்லை. மனித மோனோசைட்டை (ஒரு வகை வெள்ளணுவை) கிளப்பிவிட மில்லிலிட்டருக்கு 100 பிக்கோகிராம் எல்.பி.எஸ் தாராளம்.

0.22 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவைத் தடுக்கும், எல்.பி.எஸ்-ஐத் தடுக்காது. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவையும் நம்பாதீர்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள்.

"கொதிக்க வைத்தேன், விளைவு போய்விட்டது, அப்படியானால் புரதம்தான் காரணம்" என்பார்கள்; எல்.பி.எஸ் கொதியைத் தாங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அவசரப்படாதீர்கள். ஈ.கோலையில் தயாரித்த எச்.எஸ்.பி.70 என்ற மனிதப் புரதம் டி.என்.எஃப்-ஐச் சுரக்க வைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2003-இல் அதைத் திரும்பச் சோதித்தபோது, காரணம் கூடவே வந்த எல்.பி.எஸ் என்று தெரிந்தது. குறைந்த அளவில் இருக்கும்போது எல்.பி.எஸ்-உம் கொதியில் வீரியம் இழக்கிறது; முந்தையவர்கள் கவனிக்காமல் விட்டது அதைத்தான். ஆகவே, கொதிக்க வைத்தால் அதே அளவு தூய எல்.பி.எஸ்-ஐயும் பக்கத்தில் வைத்துக் கொதிக்க வையுங்கள்.

எல்.பி.எஸ்-ஐ நீக்க, புரதம் அந்தக் குழாயில் ஒட்டியிருக்கும்போதே, 4 டிகிரியில், 0.1 சதவீதம் ட்ரைட்டன் எக்ஸ்-114 என்ற டிடர்ஜென்ட் கலந்த பஃபரால் (கரைசலால்) தாராளமாகக் கழுவுங்கள். அப்புறம் அந்த டிடர்ஜென்ட் போகும்வரை வெறும் பஃபர். பிறகு எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல் சோதனை. பஃபரில் ஈ.டி.டி.ஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் அது சோதனையையே அமுக்கி, "சுத்தம்" என்று பொய் சொல்ல வைக்கும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணை நம்ப வேண்டும்.

தயவுசெய்து இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் ஜீன் இல்லாத வெற்று பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ வளையம்) ஏற்றிய ஈ.கோலையையும் அதே குழாய், அதே பஃபர், அதே வரிசையில் சுத்திகரித்து, வந்ததைச் செல்களில் ஊற்றிப் பாருங்கள். அதற்கும் டி.என்.எஃப் ஏறினால் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.