பார் கட்டும் முன் வடிகாலை வரையுங்கள்

கடைவீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய், வடிகால், குளிரூட்டும் அமைப்பு ஆகியவற்றை வரைந்து கொடுப்பது என் தொழில். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கம் உணவகத்தோடு சேர்ந்த பாரைப் புதுப்பிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம், "சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் அமைத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பேச்சு அடுத்த நிமிடமே காகித உறிஞ்சுகுழலுக்கும் மூங்கில் அலங்காரத்துக்கும் போய்விடுகிறது. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விடுவது நல்ல காரியம்தான். அதற்கு என்னைப் போன்றவர்கள் தேவையில்லை. ஒரு பார் செய்யும் கேட்டில் பெரிய பங்கு, சாக்கடைக்குள் போகும் நீரிலும் இரவும் பகலும் ஓடும் குளிர்பெட்டியிலும் இருக்கிறது. இந்த இரண்டும் தரையில் ஓடு பதிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

முதலில் சாக்கடை. நம் ஊர்ப் பழைய கடைவீடுகள் பலவற்றில் கழிவறைக் குழாய் மட்டும்தான் மலக்குழிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ போகும். பாத்திரம் கழுவும் தொட்டியின் நீர் பின்சந்தில் உள்ள மழைநீர் வடிகாலில் நேராக விழும். அங்கிருந்து சுங்கை பட்டாணி ஆறு, பிறகு மெர்போக் கழிமுகம், அதன் அலையாத்திக் காடுகள், மீன் வளர்க்கும் கூண்டுகள். நடுவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை.

மீந்த பீரை ஊற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நுண்ணுயிர்கள் அதை முழுமையாகச் சிதைக்க 80 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் தட்பவெப்பத்தில், 28 பாகை வெப்பமுள்ள ஆற்று நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆக, ஒரு லிட்டர் பீர் பத்தாயிரம் லிட்டர் ஆற்று நீரின் மூச்சைக் கேட்கிறது. பீரில் உள்ள மாவுச்சத்தையும், மற்றப் பானங்களின் சர்க்கரைப் பாகையும் பழச்சாற்றையும் இன்னும் நான் சேர்க்கவில்லை. ஓடும் ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. மழையில்லாத மாதத்தில் தேங்கி நிற்கும் சாக்கடையால் அது முடியாது. பின்சந்து நாறுவதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். "கிரீஸ் டிராப் (கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் பொறி) வைத்துவிட்டோம், கவலை இல்லை" என்கிறார்கள். சமையல் எண்ணெய் ஆற்றுக்குப் போகாமல் தடுக்க அது மிக அவசியம். நகராண்மைக் கழகமும் உரிமம் தரும்போது அதைக் கேட்கும். ஆனால் அது பிடிப்பது மிதக்கும் எண்ணெயை மட்டுமே. ஆல்கஹாலும் சர்க்கரையும் நீரில் கரைந்தவை. பொறியைத் தாண்டிப் போய்விடும். எனவே பாரின் தொட்டி, பீர்க் குழாயின் கீழ் இருக்கும் சொட்டுத் தட்டு, தரை வடிகால் ஆகிய மூன்றையும் கழிவுநீர்க் குழாயோடு இணைக்க வேண்டும். கூரை மழைநீரை அதில் கலக்கக் கூடாது. தனி மலக்குழி உள்ள கட்டடமானால் அது கூடுதல் சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே இணைக்க வேண்டும். கிரீஸ் டிராப்பை நின்றபடி மூடி திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்தால் எந்தத் தொழிலாளியும் அதைச் சுத்தம் செய்யமாட்டார். அது அவர் குற்றமும் அல்ல.

அடுத்தது குளிர். 28 பாகைத் தண்ணீர் ஒரு கிலோவைப் பனிக்கட்டியாக்க 450 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதில் முக்கால் பங்கு, பூச்சியப் பாகைக்கு வந்துவிட்ட நீரை உறைய வைப்பதற்கே செலவாகிறது. கடை மூடும்போது மீந்த ஐஸைத் தொட்டியில் கொட்டி வெந்நீர் ஊற்றிக் கரைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது: உறைய வைக்க ஒரு மின்சாரம், கரைக்க இன்னொரு மின்சாரம். நன்றாகக் காப்பிட்ட பெட்டியில் அதை மறுநாள் பாட்டில்களைக் குளிர வைக்கப் பயன்படுத்தலாம். ஐஸ் இயந்திரம் வாங்குவதானால், குளிர்விக்கும் நீரை ஒரே முறை ஓடவிட்டுச் சாக்கடைக்கு அனுப்பும் வகையை வாங்கவே வாங்காதீர்கள். சிறிய கடைக்கு ஐஸ் தொழிற்சாலை மூட்டையே போதும்.

குளிர்பெட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை அதே அறைக்குள் விடுகிறது. மூச்சுவிட இடமில்லாமல் கவுன்டருக்குள் செருகினால் அது தான் விட்ட வெப்பத்தையே மறுபடி இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏர்கான் இன்னொரு பக்கம் ஓடும். பின்சுவரில் காற்றுத் துளை வரைவது எனக்கு ஒரு கோடு, உரிமையாளருக்கு மாதாமாதம் மிச்சம். பெட்டிக்குள் சுற்றிக் குளிர்விக்கும் குளிர்வாயு எது என்றும் கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-134ஏ கசிந்தால், ஒவ்வொரு கிலோவும் 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-600ஏ, ஆர்-290 ஆகிய குளிர்வாயுக்களுக்கு அந்த எண் மிகச் சிறியது. ஆனால் அவை எரியக்கூடியவை. பழுது பார்ப்பவர் அதற்குப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

பாட்டில் விஷயத்தில் நகரத்து அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியோடு திரும்பிப் போய் மறுபடி நிரப்பப்படும் பெரிய பீர் பாட்டில்தான் முதல் தேர்வு. அது இல்லாதபோது, சிறிய ஊரில் ஒருமுறைக் கண்ணாடியைவிட அலுமினியக் கேன் மேல். பழைய சாமான் வாங்குபவர் கேனை விரும்பி எடுப்பார். கனமான, விலை இல்லாத கண்ணாடியைத் தொடமாட்டார். பீப்பாய் பீர் கழிவில்லாதது என்று சொல்வார்கள். வார நாட்களில் நாற்காலி காலியாக இருக்கும் ஊரில், பழசாகிப்போன பீரும் குழாயைக் கழுவும்போது வீணாகும் பீரும் மறுபடி அந்தச் சாக்கடைக்கே போகும்.

மேசை, நாற்காலிக்கு நம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருக்கிறது. 25, 30 ஆண்டுகளில் பால் தந்து முடித்து வெட்டப்படும் மரம் அது. ஒரு காலத்தில் விறகாகவே போனது. மருந்தூட்டி உலர்த்திய பலகையாக வாங்குங்கள். தண்ணீர் படும் கவுன்டருக்கு மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. சுற்றுச்சூழல் கணக்கு மட்டும் பார்த்தால் அந்நாளைய ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடையை மிஞ்ச எந்தப் பாராலும் முடியாது. பாட்டில் இல்லை, லாரி இல்லை, குளிர்பெட்டி இல்லை. ஆனாலும் 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர்களிடையே உருவான தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியது. கூலி வீடு வந்து சேராத குடும்பங்களின் கோபம் அது. ஆகவே என் வரைபடத்தில் இலவசக் குடிநீர்க் குழாய் வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். சமையலறை பார் மூடும்வரை இயங்கும்படி அமைந்திருக்கும். 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பது 2017 டிசம்பரிலிருந்து குற்றம். வாசலில் வயதைச் சரிபார்க்க வெளிச்சமும் இடமும் வேண்டும். இவற்றை வேண்டாம் என்பவருக்கு நான் வரைந்து கொடுப்பதில்லை.

கடைவீட்டை வாடகைக்கு எடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் சமையலுக்குப் பயன்படும் சிவப்புச் சாயத்தைக் கலந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒருவரைப் பின்சந்தில் நிற்கச் சொல்லுங்கள். வடிகாலில் சிவப்பு தெரிந்தால், குழாய் இணைப்பை மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.