ஓவியத்துக்கு 'இன்னொரு கோட்' கேட்காதீர்கள்

பழுதான ஓவியங்களைச் சீர்செய்வது என் தொழில். போன வாரமும் ஒன்று வந்தது. ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே பல வருஷம் தொங்கிய அரூப ஓவியம். சட்டத்தைக் கழற்றினால், விளிம்பு மறைத்திருந்த விரலகல இடத்தில் மட்டும் ரத்தச் சிவப்பு அப்படியே இருக்கிறது. மீதியெல்லாம் வெளுத்த புடவை. கொண்டுவந்தவர், எல்லோரும் கேட்பதையே கேட்டார்: "சார், மேலே ஒரு கோட் அடிச்சுக் கொடுத்துடுங்களேன்."

முடியாது. அது சுவர் இல்லை. அரூப ஓவியத்தில் மரமோ முகமோ கிடையாது, நிறம்தான் எல்லாமே. அதன்மேல் நான் பூசினால், அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது என் சிவப்பு, வரைந்தவருடையது இல்லை. நாங்கள் செய்யும் எதையும் பின்னால் வருபவர் நீக்க முடிய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

புகழ்பெற்ற அரூப ஓவியர் மார்க் ராத்கோவுக்கே இது நடந்தது. 1903இல் இன்றைய லாட்வியாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். நிறச் சேர்க்கையில் தனக்கு ஆர்வமில்லை, துயரம், பரவசம் மாதிரியான அடிப்படை உணர்ச்சிகளைச் சொல்வதே தன் வேலை என்றவர். ஒன்றின் வழியே இன்னொன்று தெரியும்படி மெல்லிசாகப் பூசிப் பூசித்தான் அதைச் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் வரைந்த பெரிய ஓவியங்களை 1964இல் உச்சி மாடிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். ஜன்னல் திரையை மூடியே வைக்கச் சொல்லியிருந்தார். வெளியே அழகான காட்சி, திறந்துவிட்டார்கள். அவர் கலந்திருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சம் தாங்காது. சிவப்பு போய், கூடவே கலந்த நீலம் சில இடங்களில் மேலே வந்துவிட்டது. 1979இல் கழற்றி இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கேயும் யாரும் மேலே பூசவில்லை. 2014இல், பழைய புகைப்படங்களை வைத்து இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, புரொஜெக்டர் வெளிச்சமாக ஓவியத்தின்மேல் விழச் செய்தார்கள். அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை 4 மணிக்கு புரொஜெக்டரை அணைத்தார்கள். மங்கிய ஓவியம் அப்படியே தெரிந்தது.

அதனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லையா, சரி, திரையை இழுத்து விடுங்கள். கண்ணாடி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிகூட மங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பண்டிகைக்கு வீடு துடைக்கும் ஈரத்துணி ஓவியத்தின் பக்கமே போகக் கூடாது. அப்புறம் ஒரு வேண்டுகோள்: வாங்கிய அன்றே நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஓவியர் இருந்தால் என்னென்ன வண்ணம் போட்டார் என்று கேட்டு, பின்பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.