மொட்டைமாடித் தட்டும் புறாவின் தொண்டையும்

போன சித்திரையில் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. இறகெல்லாம் உப்பிப்போய் பந்து மாதிரி இருந்தது. பறவைகளுக்குத் தீனி வைக்கும் தட்டிலிருந்து ஒரு கம்பு மணியை எடுக்கும், விழுங்கப் பார்க்கும், முடியாமல் தலையை உதறும். கம்பு மறுபடி தட்டிலேயே விழும். அலகின் ஓரம் ஈரமாக இருந்தது. அதில் இரண்டு மூன்று மணிகள் ஒட்டியிருந்தன. வெயிலில் களைத்திருக்கிறது என்று நினைத்து, தண்ணீர்ச் சட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். மறுநாள் காலை பூந்தொட்டிக்குப் பின்னால் இறந்து கிடந்தது. அது உதறிப்போட்ட கம்பை அதற்குள் மற்ற புறாக்களும், தினமும் வரும் ஒரு ஜோடி தவிட்டுப்புறாவும் தின்று முடித்திருந்தன.

தெரிந்த கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். “வாயைத் திறந்து பார்த்தீங்களா? தொண்டையில மஞ்சளா, பாலாடைக்கட்டி மாதிரி ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் பறவைத் தட்டு என்பது எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

புறா வளர்ப்பவர்கள் ‘கேங்கர்’ என்று சொல்லும் நோயைத்தான் அவர் குறிப்பிட்டார். காரணம் டிரைக்கோமோனாஸ் கலினே என்ற ஒட்டுண்ணி. ஒரே செல்தான், முன்பக்கம் சாட்டை போல நான்கு இழைகள், பக்கவாட்டில் அலை அடிக்கும் மெல்லிய சவ்வு. பறவையின் வாய், தொண்டை, அதன் கீழே இரையைச் சேர்த்துவைக்கும் தீனிப்பை ஆகிய ஈரமான இடங்களில் வாழும். பல புறாக்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இதைச் சுமந்து திரிகின்றன. குஞ்சுக்குத் தீனிப்பையில் உண்டாகும் பால் போன்ற உணவைக் கக்கி ஊட்டும்போது இதுவும் சேர்ந்து போகிறது. நோய் முற்றினால் தொண்டையில் மஞ்சள் கட்டிகள் வளர்ந்து வழியை அடைத்துவிடும். தானியம் கண்ணெதிரே இருக்க, பறவை பட்டினியால் சாகும்.

இந்த ஒட்டுண்ணிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. சீதபேதி உண்டாக்கும் அமீபா கெட்டியான உறை போட்டுக்கொண்டு வெளியே தாக்குப்பிடிக்கும். இதற்கு அப்படி உறை கிடையாது. ஈரத் தீனியிலும் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், காய்ந்தால் செத்துவிடும். தட்டைப் பராமரிப்பதில் பாதி விஷயம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

மீதிப் பாதியை பிரிட்டனில் நடந்ததிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அங்கே தோட்டத்தில் ஒரு கம்பத்தின் மேல் பலகை வைத்துத் தீனி போடுவது பரவலாக உள்ள பழக்கம். 2005-ல் அங்குள்ள கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறு பறவைகளிடம் இந்த நோய் தென்பட்டது. புறாக்களிடமிருந்து தாவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2006-ல் அது கொள்ளைநோயாகப் பரவி, சில ஆண்டுகளிலேயே சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்சுகள் 28 லட்சமாகக் குறைந்தன. 2021-ல் அந்தப் பறவையை ஆபத்து மிகுந்த சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 2025-ல் அங்குள்ள அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம், தட்டையான தீனிப் பலகைகளை விற்பதையே நிறுத்திவைத்தது.

தட்டைப் பலகையில் அப்படி என்ன கோளாறு? காட்டில் பறவை தின்னும் விதைகள் ஏக்கர் கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒரு பறவை உமிழ்ந்த விதையை இன்னொன்று எடுப்பது அரிது. நாமோ நூறு பறவைகளை ஒரு சாண் இடத்துக்கு வரவழைக்கிறோம். எச்சிலும் எச்சமும் தீனியும் ஒன்றாகக் கலக்கின்றன. தண்ணீரிலும் அதே கதைதான். காகமும் மைனாவும் ஒரு வாய் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படிக் குடிக்காது. அலகை முழுக்க உள்ளே விட்டு, தலையைத் தூக்காமல் உறிஞ்சும். ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள், கழுத்தில் தண்ணீர் ஏறுவது தெரியும். நோயுள்ள அலகு அவ்வளவு நேரம் அந்தச் சட்டிக்குள் இருக்கிறது.

அதற்காகத் தண்ணீர் வைக்காமல் இருக்க முடியாது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது உடம்புச் சூட்டை நீராவியாக வெளியேற்றத்தான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் செலவாகும். அப்படி இழந்த நீரை அது எங்காவது குடித்து ஈடுசெய்தாக வேண்டும்.

சரி, எதை வாங்குவது? தண்ணீருக்கு மண்சட்டிதான் என் தேர்வு. சுவரின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளுமை நிற்கும். எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் அடுப்பு போலக் காய்ந்துவிடும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் இருந்தால் சிட்டுக்குருவி நின்று குடிக்கும். தீனிக்கு மட்டும் மண் வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் இப்போது பழைய சல்லடை ஒன்றை மூன்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, அடியிலும் காற்றுப் படும். நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிடுவது இன்னும் நல்லது. குருவி கதிரைப் பற்றித் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நெல்லாகக் கொத்தும், கனத்த புறாவுக்கு அதில் நிற்க முடியாது. காக்கைக்குச் சோறு வைக்க அம்மா வாழை இலைத் துண்டைத்தான் எடுப்பார். தினமும் புதுத் தட்டு, கழுவும் வேலையே இல்லை.

கம்பு, தினை, நொய்யரிசி எதுவானாலும் மதியத்துக்குள் தீர்ந்துபோகிற அளவு போதும். மிக்சர், உப்பு பிஸ்கட் வேண்டாம்.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் தேய்த்து அழுக்கு, எச்சம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பிளீச்சில் உள்ள குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. அப்புறம் ஒரு பங்கு திரவ பிளீச்சில் இருபது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் கவிழ்த்துவிடலாம். வாரம் ஒருமுறை இது போதும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்ற வேண்டும். மாற்றும்போது உட்சுவரையும் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் தாங்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. இரண்டு சட்டி வைத்திருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று வேலை செய்யும். எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். புறா எச்சத்தில் மனிதரைத் தாக்கும் வேறு கிருமிகளும் இருக்கலாம்.

உப்பிப்போன பறவையைப் பார்த்துவிட்டால் தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும். கூட்டம் கலைந்து அவை தனித்தனியாக இரை தேடப் போகட்டும். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் காகம் சுவரில் வந்து உட்கார்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கத்தியது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு வேப்பமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தது. சட்டி மாடியில் கவிழ்ந்து கிடந்தது, உள்ளும் புறமும் நன்றாகக் காய்ந்து.